தங்குவோரே உடையவர்

ஒரு சர்வகலாசாலையில் படிக்க இடம் பெறுவது வேறு, அந்தச் சர்வகலாசாலை அமைந்திருக்கும் நகரத்தில் தலைசாய்க்க இடம் பெறுவது வேறு என்பதை, தேர்வுப் பட்டியலில் தன் பெயரைக் கண்ட மகிழ்ச்சி அடங்குவதற்கு முன்பே வெளியூர் மாணாக்கர் ஒவ்வொருவரும் உணர வேண்டியிருக்கிறது. கல்விக் கட்டணத்தைக் குறைக்க அரசாங்கங்கள் சலுகைகள் வகுத்திருக்கின்றன, உபகாரச் சம்பளங்கள் உண்டு, நூல்நிலையங்களும் உண்டு. மாதம் பிறந்தவுடன் கொடுத்தாக வேண்டிய வாடகைக்கும், நாள்தோறும் உண்ண வேண்டிய சோற்றுக்கும் அத்தகைய ஏற்பாடு போதிய அளவில் இல்லாமையால், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தினந்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் நெடுந்தூரம் அலைந்து படிப்பை முடிக்கிறார்கள். சிலர் முடிக்காமலே ஊர் திரும்புகிறார்கள். இந்தத் துன்பத்துக்குப் பரிகாரமாகத் தனவந்தர் தருமம், சர்க்கார் விடுதி என்னும் இரண்டை மட்டுமே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. மாணாக்கர்களே சங்கமாகச் சேர்ந்து வீட்டுக்கு உடைமைக்காரர்களாகி, தம் உழைப்பால் அதை நடத்தி, தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைத்துச் செல்லும் அந்த வழி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது நடந்து வருகிறது. அதைத் தமிழ் வாசகர்கள் விரிவாக அறிவது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

1933-ஆம் ஆண்டு அமெரிக்க தேசம் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் அடித்தளத்தில் கிடந்தது. பாங்குகள் மூடப்பட்டு, ஆலைகள் நின்று, பண்ணை விளைச்சலுக்கு விலையில்லாமல் போன அக்காலத்தில், வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோன மாணாக்கர்கள் பெர்க்லியிலும் பலர் இருந்தனர். சர்வகலாசாலையை ஒட்டி ‘ஸ்டைல்ஸ் ஹால்’ என்ற பெயரில் இயங்கிவந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பொறுப்பில் அப்போது ஹாரி கிங்மன் என்பவர் இருந்தார். சீன தேசத்தில் பிறந்து, இளமையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடி, பின்பு சமூக சேவையையே ஜீவிதமாக ஏற்றுக்கொண்ட அவர், தம்மிடம் முறையிட வந்த மாணாக்கர்களுக்கு நன்கொடை திரட்டித் தந்து அனுப்பிவிடாமல், ஒன்றுசேர்ந்து ஒரு வீட்டை எடுத்து நீங்களே நடத்துங்கள் என்று ஊக்கினார். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். சமைப்பதும் துலக்குவதும் பெருக்குவதும் கணக்கெழுதுவதும் தம்முள் பங்கிட்டுக்கொண்ட வேலைகள். ஆகும் செலவை எல்லோரும் சமமாகத் தாங்குவது ஏற்பாடு. எந்த விஷயத்திலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது விதி. அந்தப் பதினான்கு பேரின் சங்கம் இன்று பெர்க்லி மாணவர் கூட்டுறவுச் சங்கம் என்னும் பெயரோடு, பதினேழு இல்லங்களும் மூன்று அடுக்குமாடித் தொகுதிகளுமாக விரிந்து, சுமார் 1,300 மாணாக்கர்களுக்கு வாசஸ்தலமாக விளங்குகிறது.

வளர்ச்சி விரைவாகவே நிகழ்ந்தது. டுவைட் வீதியில் பெரியதொரு கட்டடத்தை எடுத்துப் ‘பாரிங்டன் ஹால்’ நடத்தினார்கள். 1936-இல் பெண்களுக்கென்று ‘ஸ்டெபின்ஸ் ஹால்’ பிறந்தது. பிற்காலத்தில் குழந்தைகளுக்கான நாவல்களால் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்ற பெவர்லி கிளியரி, ஆரிகன் மாகாணத்திலிருந்து படிக்க வந்து தங்கியது அந்த ஸ்டெபின்ஸ் ஹாலில்தான். பொருள் வசதி குறைந்த பெண் ஒருத்தி, வேற்று மாகாணத்திலிருந்து வந்து பட்டம் பெற்றுச் செல்வதற்கு அப்படி ஒரு கூரை அக்காலத்தில் வேண்டியிருந்தது. 1946-இல் ‘கிளாய்ன் கோர்ட்’ என்னும் பழைய ஹோட்டலைச் சங்கம் வாங்கியது. சர்வகலாசாலையின் முக்கியமான கட்டடங்களை வகுத்த ஜான் கேலன் ஹோவர்ட் என்னும் கட்டடக் கலைஞரே 1904-இல் அதையும் வகுத்திருந்தார். பின்னாளில் எழுந்த தொகுதிகளுக்கு ‘ராச்டேல் கிராமம்’, ‘பென்விக் நெசவாளர் கிராமம்’ என்று பெயரிட்டார்கள். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டி இருபத்தெட்டுத் தொழிலாளர் பணம் சேர்த்துத் திறந்த சிறு கடையையும், அதற்கும் முன் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பென்விக் கிராமத்து நெசவாளிகள் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கித் தமக்குள் பகிர்ந்துகொண்டதையும், கலிபோர்னியாவில் கணிதமும் ரசாயனமும் படிக்கும் பிள்ளைகள் தம் வீட்டு வாயிற்பெயரால் நாள்தோறும் நினைவுகூர்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் உவப்பான செய்தி.

இனி இந்த இல்லங்களுக்குள் வாழ்க்கை எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் சிக்கனத்தின் ரகசியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இருபது பேருக்கும் குறைவானோர் வாழும் சிறு இல்லங்களும் உண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் வாழும் பெரிய இல்லங்களும் உண்டு. இல்லத்தில் தங்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும். யார் எந்த வேலை என்பதை வகுக்க ஒரு முறைவேலை நிர்வாகி உண்டு. அவரும் அங்கே தங்கிப் படிக்கும் மாணாக்கரே, வீட்டாரின் வாக்குப் பெற்று வந்தவரே. ஒருவர் இரவுச் சாப்பாட்டைச் சமைக்கிறார். மற்றொருவர் அடுப்பங்கரையைக் கழுவுகிறார். வேறொருவர் குளிக்கும் அறைகளைத் துப்புரவு செய்கிறார். இன்னொருவர் வீட்டுக் கூட்டத்தின் நடவடிக்கைகளை எழுதி வைக்கிறார். வேலையைத் தவறவிட்டால் ஈடு செய்ய வேண்டும். ஈடும் செய்யாவிட்டால் அபராதம். அபராதம் மிகுந்து, பொறுப்பு முற்றிலும் குறைந்தால், வீட்டில் தங்கும் உரிமைக்கே ஆபத்து நேரும். தானியம், காய்கறி, சோப்பு முதலியவற்றைச் சங்கம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து இல்லங்களுக்கு அனுப்பும் மத்திய பண்டசாலை ஒன்று இருப்பதால், தனித்தனியே கடையில் வாங்கும் விலை எவருக்கும் விழுவதில்லை.

வேலைப் பங்கீட்டைக் காசு மிச்சப்படுத்தும் உபாயமாக மட்டும் காண்பது குறைபார்வை. பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைக்கும் ஒருவன், தான் உண்ட தட்டை மட்டுமன்றி, தனக்கு முகம் தெரியாத ஐம்பது பேர் உண்ட தட்டுகளையும் வாரத்துக்கு ஒரு மாலை நின்று கழுவும்போது, உண்பவன் ஒருவன் துலக்குபவன் வேறொருவன் என்ற பழைய பிரிவினை அவனுடைய கைகளில் அழிகிறது. வீட்டு வேலை பெண்களின் பாகம் என்று பழகிய தேசங்களிலிருந்து வரும் வாலிபர்களுக்கு இதைக் காட்டிலும் சிறந்த பாடத்தை எந்த வகுப்பறையும் தர முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாடகை எவ்வளவு, கூரையை இந்த ஆண்டே மாற்றுவதா, இறைச்சி வாங்குவதா, இரவில் எத்தனை மணிக்குப் பிறகு வாத்தியம் வாசிக்கக் கூடாது என்பன போன்ற விஷயங்களை வீட்டுக் கூட்டத்தில் வாதாடி, தோற்று, தோற்ற பின்பும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு அதே மேஜையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கம், பிரஜைக்குரிய பயிற்சியாகும். ஒவ்வோர் இல்லமும் தன் அங்கத்தினர் தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து இயக்குநர் சபைக்கு அனுப்புகிறது. பல கோடி மதிப்புள்ள கட்டடங்களின் வரவு செலவை நிர்ணயிக்கும் அந்தச் சபையில் இருபது வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சேர்ந்து, இல்லத்தில் ஒருவருக்கு உணவும் இருப்பிடமுமாக ஆகும் செலவு, சர்வகலாசாலை தானே நடத்தும் விடுதிகளின் கட்டணத்தில் பாதியை ஒட்டியே நிற்கிறது. வாரம் ஐந்து மணி நேர உழைப்பு மட்டுமே இத்தனை வித்தியாசத்தை விளைவிக்க முடியாது. அடிப்படையான காரணம் உடைமையில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு வாடகை வீடு கைமாறும் ஒவ்வொரு தடவையும், புதிதாக வாங்கியவர் கொடுத்த விலையும் அதற்காக அவர் பட்ட கடனின் வட்டியும் குடியிருப்பவரின் தலையில் மறுபடி ஏறுகின்றன. நகரம் செழிக்கச் செழிக்க மனையின் விலை உயர்வதும், அந்த உயர்வை மனையில் வாழாதவர் அடைவதும், வாழ்பவர் அதைத் தாங்குவதும் நாம் அறிந்தவையே. கூட்டுறவுச் சங்கமோ வாங்கிய வீட்டை ஒருபோதும் லாபத்துக்கு விற்பதில்லை. முற்காலத்தில் வாங்கிய கட்டடத்தின் கடனை முற்காலத்து மாணாக்கர்களின் வாடகையே படிப்படியாக அடைத்துவிட்டது. அவர்களுக்கு எழுபது எண்பது ஆண்டு பின்னால் வந்த பிள்ளை, இன்றைய மனை விலைக்கு வட்டி கட்டாமல், வரிக்கும் பழுது பார்ப்பதற்கும் உணவுக்கும் சிப்பந்திகளின் சம்பளத்துக்கும் வேண்டியதை மட்டுமே கொடுத்து அங்கே வாழ்கிறான். படிப்பு முடிந்து போகும்போது தன் பங்கை யாரும் சந்தை விலைக்கு விற்றுக்கொண்டு போவதில்லை. வந்தபோது செலுத்திய சிறு முன்பணம் திரும்புகிறது. வீடு அங்கேயே நிற்கிறது. நம் நாட்டுக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் பல, கடன் அடைந்ததும் வீட்டை அங்கத்தினர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. ஒரு தலைமுறைக்கு அவை செய்த உபகாரம் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. பெர்க்லியில் வீடு தனி அங்கத்தினரின் உடைமையாவதே இல்லை என்பதால், உபகாரமும் முடிவதில்லை.

இதன் அருமையை உணர அந்த ஊரின் நிலைமையையும் அறிய வேண்டும். குறிப்பிட்ட பகுதிகளில் ஒரு மனைக்கு ஒரு குடும்பத்து வீடு தவிர வேறொன்றும் எழுப்பக் கூடாது என்ற விதியை 1916-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக இயற்றிய நகரம் பெர்க்லி. அமைதியான தெருக்களைக் காப்பது என்ற நோக்கத்தோடு, வறியோரையும் வேற்று இனத்தாரையும் தூரத்தில் நிறுத்தும் நோக்கமும் அத்தகைய விதிகளில் கலந்திருந்தது; நூறாண்டு கழிந்து 2021-இல் நகரசபையே அந்தக் கொள்கையைக் கைவிடுவதாகத் தீர்மானித்தது. அதற்குள் வீட்டுப் பஞ்சம் முற்றிவிட்டது. 2017-இல் சர்வகலாசாலை நடத்திய குடியிருப்பு விசாரணையில், பதில் அளித்த மாணாக்கர்களில் பத்தில் ஒருவர், அங்கே படிக்கும் காலத்தில் ஏதோ ஒரு சமயம் வீடற்றிருந்ததாகத் தெரிவித்தார்கள். நோபல் பரிசுகளால் உலகம் போற்றும் ஒரு கல்விக் கூடத்தில், காரில் உறங்கியும் நண்பர்களின் அறைகளில் மாறி மாறித் தங்கியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது மனத்தை வருத்தும் விஷயம். 2022-இல் அண்டை வீட்டார் தொடுத்த வழக்கின் பயனாக, மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி சர்வகலாசாலைக்கு நேர்ந்து, மாகாணச் சட்டசபை அவசரமாகச் சட்டம் இயற்றி அதை விலக்க வேண்டியதாயிற்று. இத்தகைய ஊரில், வறிய குடும்பத்து மாணாக்கர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அறைகளை ஒதுக்கும் ஒரு சங்கம் நிலைத்து நிற்கிறதென்றால், அது மாணாக்கர் பலருக்குப் படிப்பைத் தொடரும் சாத்தியத்தையே அளிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

குறைகளை மறைத்துப் புகழ்வது இந்த விஷயத்துக்கு நியாயம் செய்வதாகாது. எச்சில் பாத்திரங்கள் தொட்டியில் குவிந்து கிடக்கும் நாட்கள் அங்கே உண்டு. வேலையிலிருந்து நழுவுவோர் உண்டு. நாலாண்டில் எல்லோரும் மாறிவிடுவதால், முன்னோர் பட்ட அனுபவத்தைப் பின்வருவோர் மறுபடியும் முதலிலிருந்து பட வேண்டிய சங்கடமும் உண்டு. ஆரம்ப காலத்திலிருந்து சங்கத்தின் பெருமையாக விளங்கிய பாரிங்டன் ஹாலில், காலப்போக்கில் போதைப் பொருள்களும் கட்டுக்கடங்காத கூத்துகளும் மிகுந்து, அண்டை அயலார் முறையிட்டு, வழக்குகளும் எழுந்தன. முடிவில் சங்கத்தின் அங்கத்தினர்களே பொதுவாக்கெடுப்பு நடத்தி, 1990-இல் அந்த இல்லத்தை மூடினார்கள். அந்த நிகழ்ச்சியைக் கூட்டுறவின் தோல்வி என்று காட்டுவோர் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பூட்டுப் போடாமல், தம் உடைமைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றை, அதனால் வரும் வருமானத்தையும் இழந்து, மற்ற இல்லங்களின் நன்மைக்காகத் தாமே மூட முன்வந்த மாணாக்கர் சமுதாயம், தன்னைத் தான் ஆளும் தகுதி தனக்கு உண்டென்பதை அன்று நிரூபித்துவிட்டது.

தோல்வியென்று சொல்லத் தக்க உதாரணம் கனடாவில் இருக்கிறது. அதையும் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். டொரண்டோ நகரில் 1936-இல் மாணாக்கர் கூட்டுறவு இல்லம் தோன்றியது. ஜப்பானியச் சீர்திருத்தக்காரரான தொயோஹிகோ ககாவா வட அமெரிக்காவில் யாத்திரை செய்து கூட்டுறவைப் பற்றி நிகழ்த்திய பிரசங்கங்கள் அதைத் தொடங்கிய மாணாக்கர்களைத் தூண்டியவை. சிறு சிறு பழைய வீடுகளில் ஒழுங்காக நடந்து வந்த அந்த முயற்சியின் கிளையாக, 1968-இல் பதினெட்டு மாடிகள் கொண்ட ‘ராச்டேல் காலேஜ்’ என்னும் மாபெரும் கட்டடம் அரசாங்கத்தின் ஈட்டுக் கடனில் எழுந்தது. பரீட்சையும் பாடத்திட்டமும் இல்லாத சுதந்தரக் கல்வியையும் கூட்டு வாழ்க்கையையும் ஒரே சமயத்தில் அங்கே சோதிக்க முற்பட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத பல நூறு பேர், எவரும் எவருக்கும் பொறுப்பில்லாமல், ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். போதை வியாபாரம் புகுந்தது, வாடகை வசூல் நின்றது, கடன் தவணை தவறியது, 1975-இல் எல்லாம் முடிந்துபோயிற்று. அன்போடு தொடங்கிய முயற்சிதான். ஆனால் முகம் அறிந்த கூட்டத்தில் வளரும் பொறுப்புணர்ச்சி, பதினெட்டு மாடியில் தானாகப் பிறந்துவிடுவதில்லை. பெர்க்லி சங்கம் பிழைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இல்லத்தைப் பிள்ளைகள் ஆண்டாலும், கணக்கு, பெரிய மராமத்து, ஒப்பந்தங்கள் ஆகியவற்றை நடத்த மத்திய காரியாலயத்தில் சம்பளம் பெறும் நிரந்தர ஊழியர்கள் இருக்கிறார்கள். தலைமுறைகள் மாறும்போது நினைவு அறுந்துபோகாமல் காப்பவர்கள் அவர்களே.

இதெல்லாம் கடல் கடந்த தேசத்துச் செய்திகள் என்று தமிழ் வாசகர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. பெர்க்லி மாணாக்கர் சங்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ராச்டேல் என்ற பெயர் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. 1904-இல், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் உள்ளிட்ட சிலர், ராச்டேல் முன்னோடிகளின் மாதிரியைப் பின்பற்றி, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். சாஸ்திரியார் அப்போது அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். நியாயமான எடையும் கலப்படமற்ற சரக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று அவர்கள் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் ‘காமதேனு’ அங்காடிகளை நடத்தி வருகிறது. சென்னைச் சர்வகலாசாலையின் சேப்பாக்கம் வளாகத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் பிறந்த சங்கம் அது. டொரண்டோ மாணாக்கர்களைத் தூண்டிய ககாவாவும், 1938-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய சர்வதேச மிஷனரி மகாநாட்டுக்கு வந்திருந்தார். விதை நம் வாசலுக்கு வந்தது. அரிசி பருப்புக்கு அதை விதைத்த நாம், மாணாக்கர் குடியிருப்புக்கு விதைக்காமல் விட்டுவிட்டோம்.

முற்றிலும் விதைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டு அரசினர் கல்லூரிகளின் விடுதிகளில் படித்தவர்கள் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்ற ஏற்பாட்டை நன்கு அறிவார்கள். மாதம் முழுவதும் ஆன அரிசி, காய்கறி, பால், எரிவாயு, சமையற்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்டோர் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று மெஸ் பில் போடுவதே அதன் முறை. கான்ட்ராக்டர் நடுவில் இல்லை. லாபம் என்ற பேச்சும் இல்லை. மாணாக்கர்களிலேயே சிலர் மெஸ் பிரதிநிதிகளாகி, சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து, பண்ட அறையின் சாவியைக் காத்து, கணக்கைப் பலகையில் ஒட்டி, குறை சொல்வோருக்கு உத்தரம் சொல்கிறார்கள். ஐந்நூறு பேருக்கு மாதம் முழுவதும் சோறு போடும் பொறுப்பைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஏற்று நடத்தியிருக்கும் நாட்டில், மாணாக்கர்களால் ஒரு வீட்டை நிர்வகிக்க இயலுமா என்று ஐயப்படுவது நியாயமன்று. சமையலறை வரையில் நாம் கூட்டுறவை ஏற்றுக்கொண்டோம். அறைகளும் கூரையும் மட்டும் இன்னும் சர்க்காரின் உடைமையாகவோ, தனியார் உடைமையாகவோ இருக்கின்றன.

தனியார் உடைமையாக இருப்பதன் பலனைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் படிக்க வருவோர் அனுபவிக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஜன்னல் இல்லாத அறையில் மூவர் நால்வர் நெருங்கிக் கிடப்பதும், ‘பி.ஜி.’ என்று வழங்கும் இல்லங்களில் ருசியும் சத்தும் இல்லாத உணவுக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வாய்திறவாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டன. தனி வீடு தேடிப் போனாலோ, பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதோடு, கல்யாணம் ஆகாதவர்களா, மாமிசம் சமைப்பீர்களா என்று தொடங்கி, சுற்றி வளைத்துச் சாதியையும் மதத்தையும் அறிந்துகொண்டே சாவியைக் கொடுக்கும் வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் நிறைய இருக்கிறார்கள். இந்தப் பெருங்குறையை நான் வாடகைக்கும் மேலாக மதிக்கிறேன். சங்கத்தில் எவரும் சேரலாம், சேர்ந்த பின் எவரும் சமம் என்பது ராச்டேல் காலந்தொட்டுக் கூட்டுறவின் மூலவிதி. பெர்க்லி சங்கத்தை ஊக்கிய கிங்மன், இரண்டாம் உலக யுத்த காலத்தில் கறுப்பின மக்களுக்கு வேலைகளில் சம நியாயம் கிடைக்கச் சர்க்கார் குழுவில் உழைத்தவர். ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்கள் சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது அவர்கள் பக்கம் நின்றவர். நம் நாட்டில் சாதிக்கொரு விடுதி என்று எழுந்தவை, தத்தம் காலத்தில் கல்வி மறுக்கப்பட்டோருக்குக் கதவு திறந்தவை. அவற்றின் நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைத்து, ஒருவர் பயன்படுத்திய குளியலறையை மற்றொருவர் கழுவி வாழும் இல்லங்கள் சில நம்மிடையே எழுந்தால், மேடைகளில் நாம் பேசிவரும் சமத்துவத்துக்கு அங்கே அன்றாட வழக்கம் என்ற உருவம் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இதனால் விளையும் நன்மை தனித்துச் சொல்லத் தக்கது. பாதுகாப்பு என்ற பெயரால் மாலை ஆறு மணிக்கே கதவடைத்து, நூல்நிலையத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகவிடாமல் தடுக்கும் விடுதிகளின் விதிகளை, அவற்றால் கட்டுப்படுகிறவர்களில் ஒருவரும் இயற்றவில்லை. தம் பாதுகாப்புக்கு வேண்டிய விதிகளைத் தாமே கூடி இயற்றிக்கொள்ளும் உரிமை கூட்டுறவு இல்லத்தில் அவர்களுக்கு உண்டு. அவர்கள் இயற்றுவது சில விஷயங்களில் இன்றைய விதியைக் காட்டிலும் கண்டிப்பாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய இடையூறு ஒன்று இருப்பதை நான் அறிவேன். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் எந்தச் சங்கத்தின் மீதும் பதிவாளரின் அதிகாரம் மிக விரிவானது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைக் கொண்டே சங்கங்களை ஆண்டுக்கணக்கில் நடத்திய காலங்களையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. அங்கத்தினரின் வாக்கு பறிபோன சங்கம், பெயரளவில் கூட்டுறவாக இருந்தாலும் உண்மையில் ஓர் அலுவலகமே. மாணாக்கர் இல்லங்களுக்கு அந்தக் கதி நேரக் கூடாதென்றால், சர்வகலாசாலையும் அரசாங்கமும் நிலத்தையும் கடனையும் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை தணிக்கை செய்வதோடு விலகி நிற்க இசைய வேண்டும். பெர்க்லியில் சங்கத்தின் சில தொகுதிகள் சர்வகலாசாலை நீண்ட குத்தகைக்குக் கொடுத்த மனைகளில் நிற்கின்றன. மனை கொடுத்ததற்காக வீட்டுக் கூட்டத்தில் வாக்குக் கேட்டுச் சர்வகலாசாலை வருவதில்லை.

நாம் செய்யத் தக்கது சிறிதாகத் தொடங்கட்டும். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஊர்களிலும் சர்வகலாசாலைகளுக்கோ வாரியங்களுக்கோ சொந்தமாகி, குடியிருப்பார் இன்றிப் பாழடைந்து கிடக்கும் பழைய குவார்ட்டர்ஸ்களில் ஊருக்கு ஒன்றைத் தேர்ந்து, முப்பது ஆண்டுக் குத்தகைக்கு, முப்பது நாற்பது மாணாக்கர் சேர்ந்த சங்கத்திடம் ஒப்படைக்கலாம். பழுது பார்க்க முதற்கடனை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தரலாம். மூன்று இல்லங்களுக்கும் பொதுவாகக் கணக்கருக்கும் மராமத்து மேஸ்திரிக்கும் தொடக்கம் முதலே சம்பளம் ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தொகுதி மாணாக்கர் படிப்பு முடிந்து போகும்போது இல்லமும் அவர்களோடு போய்விடும். துணைவிதிகளில் மூன்று விஷயங்கள் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும்: வீட்டை எந்தப் பொதுப்பேரவைத் தீர்மானத்தாலும் லாபத்துக்கு விற்க முடியாது என்பது ஒன்று, பணம் கொடுத்து முறைவேலையிலிருந்து எவரும் விலக முடியாது என்பது ஒன்று, இடம் ஒதுக்கும்போது குடும்ப வருமானம் குறைந்தோருக்கே முதலிடம், வேறெந்தக் கேள்வியும் விண்ணப்பத்தில் இராது என்பது ஒன்று. இந்த மாதிரித் துணைவிதிகளைப் பதிவாளர் அலுவலகம் தயாரித்து, வருகிற ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் கல்லூரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்றும், மனைக்கும் முதற்கடனுக்கும் உரிய தொகையைக் கூட்டுறவுத் துறையும் உயர்கல்வித் துறையும் சேர்ந்து அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.